மூட்டைக்கு எத்தனை கிலோ? ஏஐ ஏஜென்ட்டுக்கு விளக்கம் எழுதிய இரண்டு சம்பா, ஒரு குறுவை

மன்னார்குடியில் சித்தப்பாவுக்குக் கடை. உரம், விதை விற்பனை; கூடவே நெல் வாங்குவது, அறுவடை மிஷின் வாடகைக்கு விடுவது. 2025 தை அறுவடையிலிருந்து அங்கே ஒரு ஏஐ ஏஜென்ட் வேலை பார்க்கிறது. கடைப் பையன்கள் தமிழில் பேசினால் போதும்; அது நான் எழுதிய மென்பொருள் கருவிகளை அழைத்து நெல் வரவு வைக்கும், மிஷின் புக் செய்யும். இணைத்தது எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) வழியாக; ஏஐ-யை வெளிக் கருவிகளோடு பேசவைக்கும் பொது நெறிமுறை அது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட அந்த நெறிமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் தர வேண்டும் என்று சொல்லும் ஜேசான் ஸ்கீமா இருக்கும். உள்ளே இருக்கும் நிரல் ஏஜென்ட் கண்ணில் படாது. இந்த மூன்றையும் படித்துத்தான் எந்தக் கருவி, என்ன மதிப்பு என்று முடிவெடுக்கும்.

நிரல் எழுத இரண்டு வாரம் ஆனது. விளக்கம் எழுதுவது இன்னும் முடியவில்லை.

முதல் மாசமே அடி. வரவுக் கருவியில் 'அளவு' என்று மட்டும் போட்டிருந்தேன், கிலோவில் வரும் என்ற நினைப்பில். பையன் "அம்பது மூட்டை" என்றான். ஏஜென்ட் 2,000 கிலோ என்று பதிந்துவிட்டது. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது. எங்கள் கடையில் மூட்டை என்றால் 60. "ஒரு டன் நெல்லை எங்கடா காணோம்?" என்று சித்தப்பா கேட்டபோது பதில் தேட அரை நாள் போனது. போதாததற்கு யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50. ஒரே சொல்லுக்கு நாலு எடை! இப்போது அந்த இடத்தின் பெயரே 'எடை_கிலோ'. கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "மூட்டைக் கணக்கில் சொன்னால், விவசாயி கொண்டுவந்த நெல்லுக்கு 60ஆல் பெருக்கு. வேறு மூட்டையாக இருக்குமோ என்று தோன்றினால் பதியாதே, கேள்."

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொடுத்த பொன்னை, ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தது என்று எடைக்கல்லின் பெயரோடு வெட்டியிருப்பார்கள். சின்ன வயதில் இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருக்கிறேன். படிப்பவன் திரும்பக் கேட்க முடியாது, அதற்குத்தான்.

நிலக் கணக்கு இன்னொரு கூத்து. "அஞ்சு மா அறுக்கணும்" என்றதற்கு மாந்தோப்பா என்று கேட்டது. மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று எழுதிவைத்த பிறகு சரியானது. விளக்கங்களை முன்பே கடைப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித்தான் சோதித்தேன். எல்லாம் புரிகிறது என்றான். அவனுக்கு மா தெரியும், மூட்டை தெரியும், நான் எழுதாமல் விட்டதை அவனே நிரப்பிக்கொண்டான். பிறகு வயல் பக்கமே போகாத சென்னை நண்பனிடம் அனுப்பினேன். பதினேழு கேள்வி வந்தது.

எனக்கு அதிகம் பலன் கொடுத்தவை இரண்டு. ஒன்று, எப்போது பயன்படுத்தக் கூடாது என்று எழுதியது. பெல்ட் மிஷினுக்கும் டயர் மிஷினுக்கும் தனித்தனிக் கருவி. இரண்டிலும் 'அறுவடை மிஷின் பதிவு' என்றே இருந்தது. ஏஜென்ட் ஏதோ ஒன்றை எடுத்தது. "வயலில் ஈரம் இருந்தால் இது வேண்டாம்" என்று டயர் மிஷின் பக்கம் ஒரு வரி சேர்த்ததும் குழப்பம் போனது. மற்றது பிழைச் செய்தி. 'பிழை 400' என்று வந்தால் அதே தவறை நாலு தடவை திருப்பி அனுப்பும். "ஆடுதுறை 36 என்று பட்டியலில் இல்லை, ஏடிடி 36 என்று தா" என்று செய்தியை மாற்றினேன். அடுத்த முறையே தானாகத் திருத்திக்கொண்டது. பிழைச் செய்தியும் ஆவணம்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

குறைகளும் உண்டு. கருவி விளக்கம் முழுக்க உரையாடலோடு சேர்ந்தே ஏஜென்ட்டின் மூளையான மொழி மாடலுக்குப் போகும்; அதுவும் டோக்கன் செலவு, அதாவது மாடல் படிக்கும் ஒவ்வொரு சொல்துண்டும் கணக்கில் ஏறும். ஆர்வத்தில் பக்கம் பக்கமாக எழுதி, பிறகு பாதியை வெட்டினேன். ஒன்பது கருவி ஆறானது. இன்னொன்று, பாக்கியை நீக்கும் கருவியில் 'ஜாக்கிரதை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். எம்சிபியில் அழிக்கும் கருவி என்று குறிக்க வழி இருக்கிறது, ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு இல்லை. ஒரு நாள் ஒருவருடைய மொத்தப் பாக்கியும் போனது. இப்போது சித்தப்பா தன் போனில் ஒப்புதல் கொடுக்காமல் நிரல் நகராது.

இன்னும் மாட்டாதது தள்ளுபடி. "நம்ம ஆளு, கொஞ்சம் முன்னே பின்னே போட்டுக்க" என்பார் சித்தப்பா. யார் நம்ம ஆள், எவ்வளவு முன்னே என்று கேட்டால், "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரிக்கிறார். அந்தக் கணக்கு மட்டும் அவருடைய சிவப்பு நோட்டிலேயே இருக்கிறது.