கதண்டு கொட்டிய நாய்க்கு ஏதோ ஊசி போட்டு அனுப்பினார்கள்

நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தோப்பில் காய்ந்த தென்னை மட்டை ஒன்று விழுந்தது. கூடவே கதண்டு என்கிற பெரிய குளவியின் கூட்டில் பாதியும் விழுந்தது. எங்கள் நாய் செவலை மோந்து பார்க்கப் போய்விட்டான். மூக்கு, காது, கண்ணுக்கு மேல் என ஏழெட்டு இடத்தில் கொட்டு.

பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு தடவச் சொன்னார். நான் தடவவில்லை. நாய் அதை நக்கினால் வாய் வெந்துபோகும். தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், ஏடிஎம் கார்டு விளிம்பால் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். கதண்டு கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. அதனால் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தான். அப்புறம் தண்ணீராகப் பேதி. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் மடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, டவுனில் 'பெட் கிளினிக்' என்று போர்டு போட்ட கடைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். கதண்டு கொட்டியதை மூன்று முறை சொன்னேன். "வண்டு கொட்டுனா வீங்கத்தான் செய்யும், வாந்தி வேற. எதையோ கெட்டதைத் தின்னிருக்கு" என்றார். இரண்டு ஊசி போட்டார். என்ன மருந்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வலிக்கு என்று நான்கு மாத்திரை கொடுத்தார், அட்டையில் பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டிவிட்டு. 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் தரவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே தலை தொங்கிவிட்டது. மாடு வைத்திருக்கும் பெரியப்பா மூலமாக அரசு கால்நடை மருத்துவரைப் பிடித்தோம். அவர் முதலில் செய்தது உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்ததுதான். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டுமாம். திரும்பவில்லை. ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உயிர்காக்கும் அட்ரினலின் ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார். மாத்திரையைக் காட்டினேன். பார்த்துவிட்டு டைக்ளோஃபெனாக் என்றார். மனிதர்களுக்கான வலி மாத்திரை. ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கிற நாய்க்கு அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்றார். நல்லவேளை, நான் இன்னும் கொடுத்திருக்கவில்லை.

அவர் சொன்ன ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சி, அதாவது கொட்டின் விஷம் ஒத்துக்கொள்ளாமல் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, நாய்க்குப் பெரும்பாலும் கல்லீரலையும் குடலையும்தான் முதலில் தாக்கும். அதனால் கொட்டு வாங்கிய அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் அது சாப்பாட்டுக் கோளாறு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மூச்சு இரைத்தாலும், முகம் வீங்கிக்கொண்டே போனாலும் அப்படித்தான். வீட்டில் இருக்கிற சளி மாத்திரை, பாராசிட்டமால் எதையும் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே கிளம்புங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள்.

செவலை மூன்றாம் நாள் கஞ்சி குடித்தான். விஷம் உள்ளே பாதித்திருந்தால் சிறுநீர் கறுத்து வரலாம் என்பதால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், வரவில்லை.

அப்புறம் அந்தக் கடைக்குப் போனேன். போர்டில் பெயர் இருக்கும் டாக்டர் புதன்கிழமை சாயங்காலம் மட்டும்தான் வருவாராம். ஊசி போட்டவர் அவரிடம் வேலை பார்த்துப் பழகியவராம். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, அந்தக் கவுன்சிலிலோ மாநிலக் கவுன்சிலிலோ பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். ஊசியை எடுக்கும் முன்பே பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பதற்றத்தில் கோட்டைத்தான் பார்த்தேன்.

மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிவிட்டேன். பெயர் வெட்டிய அந்த அட்டையையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். மரத்தில் மிச்சமிருந்த கூட்டைத் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் ராத்திரி வந்து அழித்துவிட்டுப் போனார்கள்.