சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே தாவலா, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியா?

சாங்கியிலிருந்து ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு நேர்த் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே உருவான விமான வகை) எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கு மேல் பறந்து போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் பசிபிக் பக்கமாகப் போகும். மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

அதே நிறுவனத்தின் ஃபிராங்க்ஃபர்ட் வழி விமானத்தில் தூரம் 1,100 கிலோமீட்டர் அளவுக்குத்தான் கூடுதல். நேரமோ நாலைந்து மணி கூடிவிடுகிறது. பாதி வழியில், தூக்கக் கலக்கத்தோடு, கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். ஆனால் கால் நீட்டி நடக்கலாமே!

சரி, நேர் விமானம்தானே நல்லது என்றால், பணம் குறுக்கே நிற்கிறது. அதில் மொத்தமே 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. எடையைக் குறைத்தால்தானே அவ்வளவு தூரம் பறக்க முடியும்? குடும்பத்தோடு போனால் எனக்கு ஃபிராங்க்ஃபர்ட்தான். தனியாக, அதுவும் கம்பெனி செலவில் என்றால் நேர் விமானம்.

எதில் போனாலும் கோடைக்காலத்தில் ஒரு வசதி: நேர வித்தியாசம் சரியாக 12 மணி. முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம்.