முழுத்தடையா, உரிமமா?

ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000இல் மத்திய அரசு தடை செய்தது. வேகமாக வளரும்படி மேம்படுத்திய கிப்ட் (GIFT) திலேப்பியா மீனை நிபந்தனையோடு அனுமதித்தது. இரண்டுமே வெளிநாட்டு மீன்கள்தான், ஆனால் சிறு பண்ணையாளருக்குப் பலன் வேறு.

கெளுத்தி காற்றையும் சுவாசிக்கும்; தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வேண்டாம், கோழிக்கழிவு போட்டாலே வளரும். கையில் காசில்லாதவருக்கு ஏற்ற மீன். அது ஆற்றில் தப்பினால் நாட்டு மீன்களைத் தின்றுவிடும் என்பதும் உண்மை. ஆனால் அதிகாரிகள் குளத்து மீனைப் பிடித்துக் குழிதோண்டிப் புதைக்கும்போது, குஞ்சு, தீவனம் என்று போட்ட முதல் மொத்தமும் போச்சு.

திலேப்பியாவுக்குப் பதிவு, அங்கீகரித்த பொரிப்பகக் குஞ்சு, மீன் தப்பாமல் வடிகாலில் வலை எல்லாம் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழக மையமே குஞ்சு தருகிறது. அலைச்சல் உண்டு, ஆனால் பயமில்லாமல் விற்கலாம். என் ஓட்டு இப்படி உரிமத்தோடு அனுமதிப்பதற்கே. ஆனால் நாட்டு மீன்களைத் தின்னும் கெளுத்திக்குத் தடை நீடிக்கட்டும். அதை வளர்த்தவர்கள் மாற்றுமீனுக்கு மாறப் பணமும் அவகாசமும் கொடுங்கள்.