திருகோணமலையில் லெப்டொப் திருத்தக் கொடுக்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,500 ரூபாய் போய்விட்டது. ரீச்சர்மாரின் சம்பளம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று விளங்கும்.

விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு என் லெப்டொப் ஊரத் தொடங்கியது. வேர்டில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தவணைப் பரீட்சை வினாத்தாள் அடிக்கிற நேரம் வேறு. உப்புவெளியிலிருந்து ஓட்டோ பிடித்து டவுனுக்குள் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை, வீண் வழக்கு எனக்கு வேண்டாம்.

முதலாளி நல்லாகத்தான் கதைத்தார். பிளேன்டீ எடுப்பித்தார், என் கண் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றித் தூசு தட்டினார், “ரீச்சர், எங்கட ஆக்களை ஏமாத்திப்போட்டு நான் இந்த ஊரில இருக்கேலுமா” என்றார். பிறகு எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, “பாருங்கோ, பிராசசர் 20 வீதம் கூட வேலை செய்யேல்ல, அதில பிழை இல்லை, ஹாட் டிஸ்க் போயிட்டுது, ரெமும் காணாது” என்று விரலால் தொட்டுக் காட்டினார். அதே திரையில், அந்த விரலுக்குக் கீழே, வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸ் என்று நின்றது. பக்கத்தில் அடிப்படை வேகம் 1.60, அதாவது அதில் கால்வாசிகூட இல்லை. அதைப் பற்றி மனுசன் வாயே திறக்கவில்லை.

ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டி, ரெம், கூலி எல்லாம் சேர்த்து 38,500. வீட்டுக்கு வந்து போட்டால் அதே ஆமை. போன் எடுத்தால் “அண்ணா சாப்பிடப் போயிட்டார்” என்கிறான் கடைப் பொடியன். வட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால் “பழைய மெஷின் ரீச்சர், இதுக்கு மேல ஓடாது” என்று அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கடைசியில் தங்கச்சியின் மகன்தான் கண்டுபிடித்தான். சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்துகிற இன்டெல் ட்ரைவர் என்கிற மென்பொருள் அந்த அப்டேட்டோடு மாறி, பிராசசரை அடிமட்ட வேகத்திலேயே பிடித்து வைத்திருந்திருக்கிறது. வேகம் அப்படிப் படுத்தால் வீதமும் குறைவாகத்தான் காட்டுமாம், பிராசசர் சும்மா இருக்கிறது என்று அர்த்தம் இல்லையாம். லெப்டொப் கொம்பனியின் தளத்திலிருந்து என் மொடலுக்குரிய ட்ரைவரை இறக்கிப் போட்டான். ஒரு சதம் செலவில்லை. நான் கொடுத்தது 38,500!

விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கடைக்குப் போக முன் டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். பவர் ஒப்ஷனில் பிராசசரின் உச்ச அளவு 100 வீதமா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றியும் ஒருக்கா ஓட்டிப் பாருங்கள், சில லெப்டொப்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டாலும் வேகத்தைக் குறைத்துவிடும். அந்த ட்ரைவரை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம், சூடு பார்ப்பதும் அதுதான். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், பில் இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். கழற்றிய பாகத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள், என்னுடைய ஹாட் டிஸ்க்கை அந்தாள் இன்னும் தரவில்லை.