லோன் போட்டு வீடு வாங்கறவங்க கவனத்துக்கு: பேங்க்ல இருந்து இடம் பாக்க ஆள் வந்தா கூடவே நில்லுங்க

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் இந்தப் பக்கம் ஹவுசிங் லோன் போட்டு வீடோ இடமோ வாங்கப் போறவங்க இத முழுசா படிச்சுட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க. "பேங்க்காரனே இன்ஜினியர விட்டுப் பாத்துட்டான், வேல்யூ வந்துருச்சு, இனி என்னங்க பயம்"னு புரோக்கர் சொல்லுவாரு. எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. பேங்க் பேரு போடல, புகார் ஓடிட்டிருக்கு.

12 சென்ட், அதுல பழைய ஓட்டு வீடு, முன்னாடி கனால் ஓரமா ஒரு வழி. வில சொன்னது 31 லட்சம். லோன் 25 லட்சம் கேட்டிருந்தோம். லீகல், அதாவது வக்கீல் பத்திரம் பாக்கறது முடிஞ்சு, டெக்னிகலுக்கு, அதாவது இடத்த நேர்ல பாத்து மதிப்பு போட, ஒரு பையன் வந்தான். பேங்க் லிஸ்ட்ல இருக்கற மதிப்பீட்டாளர் (பேனல் வேல்யூவர்) பேரு வேற, வந்தது வேற ஆளு, தமிழ்நாட்டுப் பக்கத்துல இருக்கற ஏதோ ஏஜென்சி பையனாம். ஐடி கார்டு கேட்டா போன்ல ஒரு போட்டோவ காட்டறான். வண்டிய ஆஃப் பண்ணாம ரோட்டுல நின்னே வீட்ட ரெண்டு போட்டோ எடுத்தான். டேப் கொண்டாரல. ஆதாரத்த (கேரளாவுல பத்திரத்துக்கு அதான் பேரு) கையில குடுத்தா மலையாளம் படிக்கத் தெரியாதுன்னுட்டான், சரி நான் படிக்கறேன் தம்பின்னா அதுக்குள்ள புரோக்கர் குறுக்க வந்து கிழக்க இன்னார் மேக்க இன்னார்னு வாயாலயே நாலு எல்லையும் சொல்ல, அவன் அதயே போன்ல டைப் பண்ணிக்கிட்டான். எல்லைக்கு அந்தப்பக்கம் ஏஜென்சி, இந்தப்பக்கம் சொத்து, நடுவுல பத்திரம் படிக்க ஆளில்ல. நம்ம ஊருக்குன்னே வந்த கொடுமைங்க இது.

கெளம்பறப்ப பெட்ரோலுக்கு 1500 வாங்கிட்டுப் போனான், அது கெடக்குது. "வேல்யூ கொஞ்சம் எச்சா போட்டுத் தரட்டுங்களா"ன்னு கேட்டான் பாருங்க, அதுதான் வெசயமே. எச்சா போட்டா நமக்கு நல்லதுதானேன்னு தோணும். இல்லீங்க. 30 லட்சம் வரைக்குமான வீட்டு லோனுக்கு சொத்து மதிப்புல 90 சதவீதத்துக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் கணக்கு வெச்சிருக்கு. மதிப்ப ஊதிவிட்டா லோன் பெருசாகும், விக்கறவரு கேட்ட வில நியாயம்னு ஆயிரும், புரோக்கர் கமிஷன் ஏறும். வட்டி கட்டறது மட்டும் நம்ம தலையில. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், ஆனா ரிப்போர்ட்ல 34 லட்சம்னு வந்திருந்துச்சு. யாரு சொல்லிப் போட்டாங்கன்னு உங்களுக்கே புரியும்.

ரெண்டு வருசங்கழிச்சு வட்டி கம்மியா இருக்குன்னு வேற பேங்குக்கு லோன மாத்தலாம்னு போனோம். அந்த பேங்க்ல இருந்து வந்தவரு கொஞ்சம் வயசானவரு, பாலக்காட்டுக்காரரு, தமிழும் நல்லா பேசறாரு. வந்ததும் மொதல்ல ஐடியையும் பேங்க் லெட்டரையும் அவராவே எடுத்துக் காட்டினாரு. அப்புறம் ஆதாரம், முன் ஆதாரம், கரம் (நெல வரி) கட்டின ரசீது, வில்லேஜ் ஆபீஸ் லொகேஷன் ஸ்கெட்ச், பஞ்சாயத்து குடுத்த பிளான் எல்லாத்தயும் திண்ணையில விரிச்சு வெச்சு, ஆதாரத்துல 4.86 ஆர்னு (ஆர்ங்கறது இங்க நெல அளவு) இருக்கறத 2.47 ஆல பெருக்கி 12 சென்ட் சரியா வருதான்னு பாத்துட்டுத்தான் எந்திரிச்சாரு. டேப்போட ஒரு மொனைய என்னை புடிக்கச் சொல்லி நாலு பக்கமும் அளந்தாரு. பக்கத்து வீட்டு அம்மாவ கூப்பிட்டு இந்த வேலி யாரோடதுங்க, தகராறு ஏதாச்சும் உண்டுங்களான்னு கேட்டாரு, ஆனா லோன்னு ஒரு வார்த்த வாய விடல. (மொத வந்த பையன் டீக்கடையில எங்க லோன் எவ்வளவுங்கறது வரைக்கும் சொல்லிட்டுப் போயிருந்தான்.) கே.எஸ்.இ.பி (கேரளா கரண்ட் போர்டு) மீட்டர் நம்பர பில்லோட ஒத்துப் பாத்தாரு. வீட்டுக்குள்ள போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தாரு, ஒவ்வொரு ரூமும், ஓட்டுக்கு அடியில மரம் செல்லரிச்சிருக்கறதும் சேத்து, தேதியும் லொகேஷனும் போட்டோவுலயே விழுகற மாதிரி.

அப்புறம் வெளிய வந்து அந்த வழியில கொஞ்ச தூரம் நடந்தாரு. புல்ல காலால ஒதுக்கிவிட்டா ஒரு கல்லு. "இது பஞ்சாயத்து ரோடு இல்லீங்க, இரிகேஷன்காரங்க கனால் கரை. நடந்துக்கலாம், ஆனா உரிமையான வழின்னு நான் எழுத முடியாது"ன்னாரு. எனக்கு அங்கயே வேர்த்துப் போச்சு. அதோட விடல. கரம் ரசீதுல ரெண்டு சப் டிவிஷன் இருக்கு, ஒண்ணு புரயிடம் (வயல் இல்லாத மேட்டு நெலம்), பின்னாடி தென்ன இருக்கற 4 சென்ட் வயல் கணக்குல இருக்கே, டேட்டா பேங்க் பாத்தீங்களான்னு கேட்டாரு.

தமிழ்நாட்டுல இருந்து வந்து இங்க வாங்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. கேரளாவுல 2008 நெல்வயல் தண்ணீர்த்தட பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்குங்க. அதுப்படி வயலயெல்லாம் லிஸ்ட் எடுத்து வெச்சிருக்கறதுதான் டேட்டா பேங்க். நீங்க தென்ன வெச்சிருந்தாலும் மண்ணு கொட்டி மேடாக்கியிருந்தாலும் லிஸ்ட்ல இருந்தா இருக்கறதுதான், வீடு கட்ட பெர்மிட் லேசுல கெடைக்காது. தப்பா சேத்துட்டாங்கன்னா ஆர்.டி.ஓ (வண்டி ஆபீஸ் இல்லீங்க, ரெவின்யூ கோட்டாட்சியர்) கிட்ட ஃபாரம் 5 குடுத்து அலையணும். ஊர் கிருஷி பவன்ல (விவசாய ஆபீஸ்) போய் சர்வே நம்பர் சொன்னா இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க, அவ்வளவுதான் சோலி. பட்டா சிட்டா, எஃப்.எம்.பி (நெல அளவு வரைபடம்), வில்லங்கம் பாத்தாப் போதும்னு பழகினவங்க இங்க வந்து மாட்டறது இதுலதான்.

ரிப்போர்ட் வந்துச்சு, 19 லட்சம். எங்க லோன் பாக்கி 22 லட்சத்துக்கு மேல. மாத்தறது எங்க, அந்தப் பேச்சே முடிஞ்சுது.

பழைய பேங்க்ல எழுதிக் குடுத்து சண்ட போட்டு மொத ரிப்போர்ட் காப்பி வாங்கினேன். சில எடத்துல குடுக்கறாங்க, சில எடத்துல உள் உபயோகம்னு கை விரிப்பாங்க, பீஸ் நாம கட்டினதுன்னு எழுத்துல கேளுங்க. அதுல வழி "12 அடி பஞ்சாயத்து ரோடு"ன்னு இருக்கு. டேட்டா பேங்க் பத்தி ஒரு வரி இல்ல. உள் போட்டோன்னு ஒட்டியிருக்கறது எங்க வீடே இல்லீங்க! எங்க வீட்டுல செவப்பு காவித் தரை, போட்டோவுல வெள்ள டைல்ஸும் கருப்பு கிரானைட் மேடையும். வேற யாரோட ஃபைல்ல இருந்தோ எடுத்து ஒட்டியிருக்கான். இத கைநீட்டி காட்டினா மேனேஜர் சொல்றாரு, வேல்யூவேஷன் பேங்கோட பாதுகாப்புக்குத்தான் சார், சொத்த நீங்களா செக் பண்ணிருக்கணும்னு சாங்ஷன் லெட்டர்லயே இருக்குன்னு. லீகல் பாத்த வக்கீலு, நான் காகிதம்தான் பாப்பேன், நெலத்த இன்ஜினியர் பாக்கணும்ங்கறாரு. வேல்யூவர் கையெழுத்து போட்டவரு எடத்த கண்ணால பாத்ததே இல்ல.

எங்க மச்சினன் பையன் ஒருத்தன் இந்த வேல கொஞ்ச நாள் பாத்தவன். ஒரு விசிட்டுக்கு 200 ரூபா குடுத்து ஒரே நாள்ல பாலக்காட்டுல ரெண்டு பொள்ளாச்சியில மூணுன்னு ஓடவிட்டா எவன் டேப் புடிச்சு அளப்பான்னு கேக்கறான். அதுவும் நெசந்தான். ஆனா அந்த 200 ரூபாய்க்கு நான் 20 வருசம் ஈ.எம்.ஐ கட்டணுமாங்க?

உங்ககிட்ட ஆள் வர்றப்ப புரோக்கர தள்ளி நிக்கச் சொல்லிட்டு நீங்க நில்லுங்க. ரிப்போர்ட்ல கையெழுத்து போடறவரா, அவரு அனுப்பின ஆளான்னு கேட்டு பேர எழுதிக்கங்க. அளக்காம, பின்பக்கம் போகாம, பக்கத்து ஆளுகிட்ட பேசாம கெளம்பினான்னா அன்னிக்கே பிராஞ்சுக்கு மெயில் போடுங்க, மறு விசிட் கேளுங்க, அது வரைக்கும் பத்திரம் பதியாதீங்க. கையில காசு கேட்டா குடுக்காதீங்க, 2024 அக்டோபர்ல இருந்து புது லோனுக்கெல்லாம் கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்னு ஒரு தாள் தரணும், அதுல போடாத கட்டணத்த நம்ம சம்மதமில்லாம வாங்கக்கூடாது. வெவகாரமாயிட்டா மொதல்ல பேங்குக்கு எழுத்துல குடுங்க, 30 நாள்ல பதில் வரலன்னாலும் வந்த பதில் சரியில்லன்னாலும் ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மனுக்கு (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற அதிகாரி) போகலாம், 14448ல தமிழ்லயே கேக்கலாம். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனின்னா அது தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போகணும்.

நான் ஓம்புட்ஸ்மனுக்கு அனுப்பியாச்சு, ரெண்டு ரிப்போர்ட்டையும் போட்டோவையும் சேத்து. அந்தப் பையன் இன்னும் இதே ஏரியாவுல சைட் விசிட் போயிட்டுத்தான் இருக்கான். இந்தப் பக்கம் லோன் வாங்கினவங்க உங்க ரிப்போர்ட் காப்பிய வாங்கிப் பாருங்க. சமையக்கட்டு போட்டோவுல கருப்பு கிரானைட் மேடையும் ஓரமா ஒரு பச்ச கலர் கிரைண்டரும் இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே புகார் குடுக்கலாம். அப்படியே அது நெசமா யாரு வீட்டு கிரைண்டருன்னு தெரிஞ்சாலும் சொல்லுங்க, அவங்க சாட்சியும் வேணும்.