கஃபே ரேசரா, ஸ்க்ராம்ப்ளரா, பழைய கோலமா? முற்றத்தில் நிற்கிற பென்லிக்கு எது சரி

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் திரும்பத் திறந்தது. ஆனாலும் புது பைக்கின் விலையைக் கேட்டவுடன் எங்கட பெடியளின் கண் முற்றத்துக் கொட்டிலுக்குள் நிற்கிற அப்பாவின் ஹொண்டா சீடி 125 பென்லி பக்கம்தான் போகிறது. வீட்டிலேயே பிரித்து வேலை செய்ய வெளிக்கிட்டால் முன்னால் மூன்று வழி இருக்கிறது.

கூட ஆசை காட்டுவது கஃபே ரேசர். பதிந்த ஹாண்டில், ஒற்றை சீற், பின்னால் ஒரு கூன். படத்தில் பார்த்தால் வாய் பிளக்கும். ஆனால் இது 1960களில் லண்டன் ஏஸ் கஃபே வாசலில் வேகத்துக்காக உருவான கோலம். பென்லி இரட்டைச் சிலிண்டர் என்றாலும் மொத்தம் 124 சீசீதான். ஹாண்டிலைப் பதித்தால் எஞ்சின் பலம் கூடாது. கால்மிதி பழைய இடத்திலேயே இருக்க ஹாண்டில் மட்டும் இறங்கினால் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் விழும். ஒழுங்கைக்குள் பள்ளமும் மேடுமாக ஓடிப் பாருங்கள், விளங்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சீற். கூன் வைக்க சேசிஸின், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தின், பின்பக்கத்தை கிரைண்டரால் வெட்டி வளையம் ஒட்டுவார்கள். பின் சொக் அப்சோபர் பூட்டுகிற இடத்துக்குப் பின்னால் வெட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்கு முன்னால் கை வைத்தால் வண்டியின் முதுகெலும்பை முறித்த மாதிரி. முற்றத்து வெல்டிங்கை நம்பி அதில் ஏறக்கூடாது. அதோடு, வெள்ளிக்கிழமை அம்மாவை நல்லூர்க் கோயிலுக்கு ஏற்றிப்போவது யார்? ஒற்றை சீற் போட்ட வீட்டில் கொஞ்ச நாளில் இரண்டாவது வண்டிக் கதை தொடங்கும்.

ஸ்க்ராம்ப்ளர் இந்த ஊருக்குப் பொருந்துகிற கோலம். அகலமான நேர் ஹாண்டில், தட்டையான நீள சீற், மண்ணில் பிடிக்கிற கட்டைப்பல் ரயர். முதுகு நிமிர்ந்திருக்கும், பின்னால் ஆள் இருக்கலாம், பெரும்பாலும் நட்டுப் போல்ட் வேலைதான். பிடிக்காவிட்டால் கழற்றி பழையதைப் பூட்டலாம். என் வாக்கு இதற்குத்தான், ஆனால் இரண்டு இடத்தில் பெடியள் அவசரப்படுகிறார்கள். ஒன்று, ஒடுங்கின ரிம்மில் அகலமான ரயரைத் திணிப்பது: ஓரங்கள் உள்ளே இழுபட்டு ரயர் முட்டை வடிவத்துக்கு வரும், சிலவேளை பின் சில்லைத் தாங்குகிற ஸ்விங் ஆமிலும் உரசும். மற்றது, பென்லியின் செயினை முழுதாக மூடியிருக்கிற தகரப் பெட்டியை "பழசாத் தெரியுது" என்று கழற்றி எறிவது. காரைநகர்ப் பக்கம் உப்புக் காற்றிலும் மணலிலும் ஓடுகிற வண்டிக்கு அதைவிட நல்ல கவசம் கிடையாது. அழகு குறைந்தாலும் பரவாயில்லை, விட்டுவையுங்கள். பெயின்ற் உரித்து வெறும் இரும்பாக வைக்கிற ஃபாஷனும் இங்கே ஒரு மாரிக்குத் தாங்காது.

மூன்றாவது, பழையபடியே திருத்துவது. செலவு ஆறுதலாகப் போகும், தேடுதல்தான் அலைச்சல்: ஒரிஜினல் மட்காட், பக்கமூடி, குரோம் குறையாத சைலன்சர். விற்கிற எண்ணம் இருந்தால் இதுதான் புத்தி, வெட்டின சேசிஸை வாங்க ஆள் குறைவு.

எதைத் தெரிவுசெய்தாலும், நிறம் மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். சேசிஸ் இலக்கத்தின் மேல் தடிப்பாக ஸ்பிறே அடிக்க வேண்டாம். எல்ஈடி லைற் வாங்க முதல் வண்டி 6 வோல்ற்றா 12 வோல்ற்றா என்று பாருங்கள். சிக்னலுக்கு எல்ஈடி போட்டால், அதை விட்டுவிட்டு எரியவைக்கிற பழைய ஃபிளாஷர் படபடவென்று அடிக்கும் அல்லது அடிக்காமலே நிற்கும், அதையும் மாற்ற வேண்டிவரும்.

சாமான் வாங்க முதல் வண்டியைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்து, அதன்மேல் ரிசுத்தாள் வைத்து மூன்றையும் கீறிப் பாருங்கள். சீற்றின் நீளத்துக்கு மட்டை வெட்டி வைத்து இரண்டு பேராக ஏறி இருங்கள். உயரமான ஹாண்டில் பூட்டினால் எஞ்சினை ஓடவிட்டபடி அதை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். சத்தம் தானாக ஏறினால் அக்சிலேற்றர் கேபிள் இழுபடுகிறது. நீளமானதைப் போடும்வரை வண்டி வாசலைத் தாண்டக்கூடாது.