செட்டிநாட்டில் முதல் கேமிங் கணினி: வேகப் பட்டியலுக்கு அப்பால் ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் தன் கையாலேயே ஒரு கேமிங் கணினியைப் பூட்ட நினைப்பவர் முதலில் தேடுவது, எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு எத்தனை பிரேம் (திரைப் படம்) தருகிறது என்ற பட்டியலைத்தான். அந்தப் பட்டியல்கள் பொய்யல்ல. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் குளிர்சாதனம் இல்லாத மாடியறை, மாலையில் ஏறி இறங்கும் மின்னழுத்தம், பழுதான பாகத்துக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ தொண்ணூறு கிலோமீட்டர் அளவில் அலைய வேண்டிய நிலை ஆகியவை அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆகவே 1080பி (முழு எச்டி) திரையில் விளையாடுபவரை மனத்தில் வைத்து, வேகத்தோடு இம்மூன்றையும் சேர்த்தே இங்கு எடைபோடுகிறேன்.

பிராசஸரில் நடுத்தரச் செலவுக்குள் மோதிக்கொள்பவை ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5-12400, ஏஎம்டியின் ரைசன் 5 7600 ஆகிய மூன்று. மூன்றிலும் ஆறு கோர்களும் (கணக்கிடும் மையங்கள்) பன்னிரண்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் பணிவரிசைகள்) உள்ளன. மூன்றும் 65 வாட் வகுப்பைச் சேர்ந்தவை. பெட்டியோடு வாங்கினால் மூன்றுக்கும் கூலர் உடன் வரும். விளையாட்டில் 7600 தெளிவாக முந்துகிறது. மற்ற இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு வேறுபாட்டை: 7600-க்குள் சிறிய கிராஃபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கிறது, 5600-இல் அது இல்லை. இன்டெலில் 12400 என்றால் உண்டு. அதே எண்ணின் பின்னால் 'எஃப்' எழுத்து இருந்தால் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு வாரன்டிக்காகச் சென்னைக்கோ அதற்கு அப்பாலோ போய்த் திரும்பும் வரை, உள் கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் கல்லூரி வேலையாவது நடக்கும். இல்லாத கணினியில் திரையே வராது. பெருநகரத்தில் இருப்பவர் 'எஃப்' வகையை எடுத்து மிச்சம் பிடிக்கலாம்; இங்கே அந்தச் சிறு மிச்சத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசஸர் அமரும் இடம். 5600 அமரும் ஏஎம்4 சாக்கெட்டின் புகழ் நியாயமானது: 2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன் போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தபின் 2022-இன் 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. ஆனால் அது இப்போது பயணத்தின் கடைசி நிறுத்தம். 7600-க்கான ஏஎம்5 2022-இல் வந்தது. 2027-ஐத் தாண்டியும் அதற்கு ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. 12400-க்கான எல்ஜிஏ1700 போர்டில் மேலே ஏறினால் 13, 14 ஆம் தலைமுறைகளோடு வழி முடிந்துவிடுகிறது. 2024 அக்டோபரில் இன்டெல் வேறு சாக்கெட்டுக்கு மாறிவிட்டது. அந்த இரு தலைமுறைகளின் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் மிகை மின்னழுத்தக் கோரிக்கையால் நிலையின்மை ஏற்பட்டு, 2024 ஆகஸ்டு முதல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள்நிரல்) திருத்தங்கள் வந்தன. வாரன்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆகவே அவற்றைப் பழையதாக வாங்க நினைப்பவர், முன்பு எந்த பயாஸில் ஓடியது என்று கேட்காமல் வாங்கக்கூடாது. 12 ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

7600-க்கு எதிராக நிற்கும் ஒரே வலுவான வாதம் ராம் விலை. ஏஎம்5 போர்டு டிடிஆர்5 என்ற புதிய வகை ராமை மட்டுமே ஏற்கும். 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. பட்ஜெட்டில் அதுவரை ஓரமாக இருந்த ராம், கணக்கையே புரட்டிப்போடும் பொருளாகிவிட்டது. 12400-க்கு முந்தைய வகையான டிடிஆர்4 ராம் ஏற்கும் போர்டும் உண்டு என்பதால், அண்ணனின் பழைய கணினியிலிருந்து நல்ல டிடிஆர்4 ராம் கிடைக்கும் வீட்டில் 12400-தான் சரி. ராமோடு ஏஎம்4 போர்டும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் 5600. எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவருக்கு என் தேர்வு 7600. எதுவானாலும் ராமை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டாகப் போட வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்காவிட்டால் வாங்கிய வேகம் கிடைக்காது.

கிராஃபிக்ஸ் கார்டில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெலின் ஆர்க் பி580 ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவது 8 ஜிபி நினைவகமும் 145 வாட் மின்தேவையும் கொண்டது. இரண்டாவதன் 16 ஜிபி வகைக்கு 160 வாட். மூன்றாவதற்கு 12 ஜிபியும் 190 வாட்டும். கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாக அறையில்தான் இறங்குகிறது. கனத்த சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய வளவு வீட்டின் உள்ளறையில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள 45 வாட் வேறுபாடு உறைக்காது; வெயில் நேரே விழும் கான்கிரீட் மாடியறையில், கதவைச் சாத்தி இரண்டு மணி நேரம் ஆடினால் உறைக்கும்.

பி580 மோசமான கார்டு அல்ல. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் நேரே அணுகும்) வசதி இல்லாத போர்டில் அது பெரிதும் தளர்ந்துவிடும். பழைய, நடுத்தரப் பிராசஸர்களில் அதன் டிரைவர் கூடுதல் சுமை ஏற்றுவதும் சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. முதன்முறையாகக் கட்டுபவர் இத்தனை நிபந்தனைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதால் அதை ஒதுக்கிவிடுகிறேன். 5060-இன் பலம் டிஎல்எஸ்எஸ், அதாவது குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஏஐ கொண்டு கூர்மையாக்கும் நுட்பம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளோ இயந்திரக் கற்றலோ பழகும் மாணவர்களுக்கு, கார்டைக் கணக்கீட்டுக்கும் பயன்படுத்த உதவும் 'கூடா' (CUDA) வசதியும் உண்டு. அழகப்பா வளாகத்துப் பிள்ளைகளில் படிப்புக்கும் இதே கணினியை நம்பியிருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதன் குறை 8 ஜிபி. புதிய பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) தரத்தை உயர்த்தினால் 1080பி-யிலேயே அது நிரம்பிவிடுகிறது. நிரம்பியபின் தரவு பிசிஐஇ (கார்டைப் போர்டோடு இணைக்கும் பாதை) வழியாகப் போய்வர வேண்டும்; இந்தக் கார்டு எட்டு தடங்களையே பயன்படுத்துவதால், பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பி450, ஏ520 போர்டுகளில் திக்கல் கூடும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது எதுவும் பொருட்டல்ல. கதை விளையாட்டுகளைச் சில ஆண்டுகள் ஆட விரும்புபவருக்கு 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி-யே மேல். அதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்கப்படுகிறது. பெட்டியையும் பில்லையும் இரண்டு முறை படித்தபின் பணம் கொடுப்பது நல்லது.

எஸ்எஸ்டி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிசிஐஇ 3.0-க்கும் 4.0-க்கும் இடையே விளையாட்டு திறக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. 1 டிபி இருக்கட்டும்.

பவர் சப்ளையில்தான் நம் ஊரில் அதிகமாகக் கோட்டை விடுகிறார்கள். கேபினட்டோடு இலவசமாக வருவதா, தனியாக வாங்கும் 550 அல்லது 650 வாட் '80 பிளஸ் பிரான்ஸ்' (Bronze, வெண்கலத் தர) வகையா என்ற ஒப்பீடே தேவையில்லை; இரண்டாவதுதான். ஆனால் 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மிகை மின்னழுத்தப் பாதுகாப்பு, குறுக்குச்சுற்றுப் பாதுகாப்பு ஆகியவை உண்டா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அதன் பின்னால் நிற்க வேண்டியது யுபிஎஸ். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று விற்கப்படும் சாதாரண யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். 7600 முழுச் சுமையில் 88 வாட், கார்டு 160 வாட், மற்றவற்றுக்கு 40 வாட் என்று வைத்து, பவர் சப்ளையின் இழப்பையும் மானிட்டரையும் சேர்த்தால் ஏறத்தாழ அந்த 360-ஐயே தொட்டுவிடுகிறது. ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையக்கூடும். 600 வாட் தரும் 1000 விஏ வகைதான் பொருந்தும். வீட்டு இன்வெர்ட்டரையே நம்பலாமா என்றால், சைன் அலை இன்வெர்ட்டராக இருந்து யுபிஎஸ் நிலையில் வைத்திருந்தால் பெரும்பாலும் முடியும். சதுர அலை இன்வெர்ட்டரில் இக்காலப் பவர் சப்ளைகள் தடுமாறும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கும் காரைக்குடிக்கு பேட்டரிப் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பதால், யுபிஎஸ்ஸை ஜன்னல் வெயிலில் வைக்கக்கூடாது.

கேபினட்டில் கண்ணாடி முகப்பா, வலை முகப்பா என்றால் வலைதான். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று வண்ண விளக்கு விசிறிகள் சுழன்றாலும் காற்று நுழைய வழியில்லாவிட்டால் பயனில்லை. செம்மண் தூசி இங்கே தாராளம் என்பதால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி கட்டாயம். பழைய வீடுகளின் சில அறைகளில் இன்றும் எர்த் இல்லாத இரண்டு துளை பிளக் பாயின்டே இருக்கும். அதில் மாற்றுப் பிளக் போட்டு ஓட்டினால், பவர் சப்ளையின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மின்சாரம் கேபினட்டைத் தொடும்போதெல்லாம் சுருக்கென்று தெரியும். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் இழுத்து, மூன்று துளை பாயின்ட் போட்டபின் பாகங்களுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.